கண்டக்டரின் பேட்டன் குச்சியை அப்புறம் வாங்கலாம், தம்பி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறான். வயது 19, போன வருடம் மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வருடம், முடித்தவன். கடிதம் நீளம், அதனால் தேவையான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

"அக்கா, ஆறு வயதிலிருந்து மிருதங்கம் கற்கிறேன். வயலினில் கிரேட் 7 முடித்திருக்கிறேன். கோயில் விசேஷங்களில் கீபோர்டு வாசிப்பேன். ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் ஆக வேண்டும், வேறு எதிலும் மனம் போகவில்லை. தினமும் யூடியூபில் சிம்பொனி போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மணி நேரம் கண்டக்ட் செய்து பழகுகிறேன். நேராக வியன்னாவிலோ லண்டனிலோ கண்டக்டிங் படிப்பில் சேர முடியுமா? 19 வயது தாமதமா? இந்தியப் பையனை அந்த மேடையில் ஏற்றுவார்களா? இளையராஜா மாதிரி சிம்பொனி நடத்தப் போகிறேன் என்றால் அப்பா சிரிக்கிறார், அக்கவுண்டிங் படி என்கிறார்."

தம்பி, முதலில் அந்தக் கண்ணாடி வேலையை இன்றோடு நிறுத்து. கோபித்துக்கொள்ளாதே. ரெக்கார்டிங்கில் வாசிப்பவர்கள் உன்னைப் பார்த்து வாசிக்கவில்லை, நீதான் அவர்களைக் கேட்டுக் கையை ஆட்டுகிறாய். அதாவது இசை முன்னால் போகிறது, உன் கை பின்னால் ஓடுகிறது. நிஜ ஆர்கெஸ்ட்ரா முன்னால் நடப்பது இதற்கு நேர் எதிர். நீ கையைத் தூக்கும் விதத்தில்தான் அடுத்த சத்தம் எவ்வளவு வேகம், எவ்வளவு பலம், மிருதுவா முரட்டா என்பதை அறுபது எழுபது பேர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தூக்கலுக்கு அப்பீட் என்று பெயர், இந்தத் தொழிலின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் பின்னால் ஓடிப் பழகிய கையைத் திருத்துவது, ஒன்றுமே பழகாத கையைத் திருத்துவதைவிடச் சிரமம். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இளையராஜா விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய சிம்பொனியை எழுதியவர் அவர். அன்று ஆர்கெஸ்ட்ராவைக் கண்டக்ட் செய்தவர் மிக்கேல் டாம்ஸ். எழுதுவது ஒரு தொழில், நடத்துவது இன்னொரு தொழில். இரண்டும் செய்தவர்கள் உண்டு, ஆனால் பயிற்சி வேறு, படிப்பும் வேறு. உனக்கு எது வேண்டும் என்று யோசித்துவிட்டு அப்பாவிடம் பேசு. குழம்பிப்போய்ச் சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

இப்போது உன் மிருதங்கம். அது பெரிய சொத்து, ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு தட்டு வீச்சு என்று எட்டு அட்சரத்தைப் போட்டுக்கொண்டே, உள்ளே கணக்கு எங்கேயோ போய்ச் சுற்றினாலும் தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து சேர உனக்குத் தெரியும். ஏழு அடி, ஐந்து அடி என்று மாறி மாறி வரும் பார்களை (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்களை) பார்த்து மேற்கத்திய மாணவர்கள் மிரளும்போது நீ மிரள மாட்டாய். சரி. ஆனால் தாளம் போடும் கை, நாம் எங்கே இருக்கிறோம் என்று எல்லாருக்கும் காட்டுகிறது. வாசிப்பவரும் அதைப் பார்க்கிறார், கேட்பவரும் கூடவே போடுகிறார். காலப்பிரமாணம், அதாவது வேகம், ஒரு முறை பிடித்தால் கடைசிவரை அதே. கண்டக்டரின் கை நாம் எங்கே போகப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், வேகம் நடுவில் இழுபடும், தளரும், நிற்கும், திரும்பக் கிளம்பும். நான்கு எண்ணுவதற்குக் கை கீழே, இடது, வலது, மேலே என்று போகிறதே, அந்தப் படத்தைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். கஷ்டம் அதில் இல்லை.

எங்கே கஷ்டம் என்று கேட்டால், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும் தாளை, எடுத்து முதல் பக்கத்தைப் பார். எல்லாருக்கும் தெரிந்த அந்த நான்கு சுரம். ஆனால் முதல் பார் சத்தத்தில் தொடங்கவில்லை, ஒரு எட்டில் ஒரு பங்கு ஓய்வில் தொடங்குகிறது. அதாவது உன் கை கீழே விழும் இடத்தில் யாரும் வாசிக்க மாட்டார்கள், விழுந்த அடுத்த கணம் ஸ்ட்ரிங்ஸும் கிளாரினெட்டும் மூன்று சுரத்தைச் சேர்ந்து வாசிக்க வேண்டும். பாருக்கு ஒரே அடி, வேகமோ அதிகம். உடனே நீண்ட சுரத்தில் நிறுத்தம். மறுபடி அதே உருவம், இரண்டாவது நிறுத்தம் முதலாவதைவிட ஒரு பார் கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. அதை எப்படி நிறுத்துவாய், நிறுத்தியதை எப்படி வெட்டுவாய், வெட்டிய அதே அசைவு அடுத்ததுக்கு அப்பீட்டாக இருக்குமா, இல்லை தனியாக ஒன்று கொடுப்பாயா? ஐந்து பாருக்குள் இவ்வளவு முடிவுகள். நான் வயலா வாசிப்பவள், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, கீழ்க்குரல் வாத்தியம். எங்கள் வரிசையிலிருந்து பார்த்தால், அந்த ஐந்து பாரில் மேடையில் நிற்பவர் யார் என்று தெரிந்துவிடும். தடுமாறினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு முதல் வயலின்காரரின் வில்லைப் பார்த்து வாசித்து முடித்துவிடுவோம். கண்டக்டருக்குக் கிடைக்கிற தோல்வி பெரும்பாலும் அப்படித்தான், சத்தமில்லாமல்.

நேராக வியன்னாவில் சேரலாமா என்றால், சட்டப்படி சேரலாம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் கண்டக்டிங்கையே முதல் பட்டமாகப் படிக்க வழி இருக்கிறது. பிரிட்டனில் அது பெரும்பாலும் இன்னொரு பட்டம் முடித்தவர்களுக்கான மேல்படிப்பு. இரண்டிலும் ஒரு வருடத்துக்கு எடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான். நுழைவுத் தேர்வில் ஆர்கெஸ்ட்ரா எடுத்தவுடனே வந்து உட்காராது. அநேகமாக முதல் சுற்றில் இரண்டு பியானிஸ்ட்கள் சிம்பொனியை வாசிப்பார்கள், அவர்களை நீ நடத்த வேண்டும். வேண்டுமென்றே தப்பான சுரம் வாசித்து, கண்டுபிடிக்கிறாயா என்று பார்ப்பதும் உண்டு. அப்புறம் பியானோவில் உட்காரச் சொல்லி, முன்பின் பார்க்காத ஸ்கோரைப் பார்த்தவுடன் வாசிக்கச் சொல்வார்கள். இங்கேதான் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் விழுகிறார்கள். வயலின் தெரியும், காது நல்ல காது, பியானோ மட்டும் வராது. ஜெர்மனியில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்து ஒத்திகை பார்க்கும் ஆளாக ஒபரா அரங்கத்தில் நுழைந்து, அங்கேயிருந்து கண்டக்டராக ஏறுவது பழைய வழக்கம், இன்றும் இருக்கிறது. அதனால் பியானோ இல்லாதவனை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

நீ கோயிலில் கீபோர்டு வாசிப்பதாக எழுதியிருக்கிறாய். நல்லது. அந்தக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும், பாடுகிறவர் சுருதி கேட்டவுடன் அதைத் தட்டிவிட்டு நீ பாட்டுக்கு வாசிப்பாய், இல்லையா? அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடு. ஏனென்றால் ஸ்கோரில் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ச என்று எழுதியிருந்தால் கேட்பது கீழே கைசிகி நிஷாதம். எஃப் ஹார்னுக்கு ச என்று எழுதியிருந்தால் கேட்பது கீழ் மத்யமம். இதையெல்லாம் தலைக்குள் மாற்றிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு வரிகளைச் சேர்த்துக் காதில் கேட்கத் தெரிய வேண்டும். வழி ஒன்று சொல்கிறேன். ஹைடனின் ஸ்ட்ரிங் குவார்டெட் ஸ்கோர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் தேடு. நான்கே வரி, அதில் வயலாவுக்கு மட்டும் பியானோத் தாளில் வராத க்ளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று வரியின் தொடக்கத்தில் சொல்லும் குறி). தினமும் மெதுவான பகுதி ஒன்றில் எட்டு பார், பியானோவில், எவ்வளவு நத்தை வேகமானாலும் நிற்காமல். அப்புறம் மூன்று வரியை வாசித்துக்கொண்டு நான்காவதை வாயால் பாடு. முதல் மாதம் அழுகை வரும். கண்ணாடி முன்னால் செலவழித்த அந்த ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடு, வேறெதுவும் புதிதாகத் தேட வேண்டாம்.

சரி, எங்கே படிப்பது? என் கருத்து இது, மற்றவர்கள் வேறு சொல்வார்கள். இங்கேயே வயலினை முதன்மையாக வைத்து பி.மியூஸ் என்ற இசைப் பட்டப்படிப்பில் சேர். ஸ்டெல்லன்போஷ் கான்ஸர்வடோரியம் 1905இல் தொடங்கியது, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மியூசிக் காலேஜ் 1910இல். இரண்டுக்கும் நல்ல பெயர் இருக்கிறது. வீட்டை விட்டுப் போக முடியாதென்றால் குவாஸுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இருக்கிறது, சாட்ஸ்வர்த்திலிருந்து டாக்ஸி தூரம்தான். விண்ணப்பிக்கும்போது கண்டக்டிங்கைப் பாடமாக எடுக்க முடியுமா, எந்த வருடத்தில், முன்னால் நின்று நடத்த நிஜமாக வாசிப்பவர்கள் கிடைப்பார்களா என்று துறையிலேயே கேள். பதிலில் மழுப்பல் இருந்தால் புரிந்துகொள். கிரேட் 7 வயலின் ஆடிஷனுக்குப் போகக் கூச்சப்பட வேண்டிய நிலை இல்லை. ஆனால் தியரி பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. ஒரு வயலா இரவல் வாங்கிக் கற்றுக்கொள். என் வாத்தியம் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்கலாம், கொஞ்சம் உண்மைதான். ஆனால் வயலின்காரர்கள் எங்கும் வரிசை கட்டி நிற்கிறார்கள், வயலாவுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். ஆர்கெஸ்ட்ராவுக்குள் உட்கார இதைவிடச் சீக்கிரமான வழி எனக்குத் தெரியாது. நடுக்குரலில் உட்கார்ந்தால் மேலே பாட்டு, கீழே பாஸ், இரண்டும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது காதில் விழும். அந்த க்ளெஃபும் இலவசமாக மண்டையில் ஏறும்.

உள்ளே உட்கார்ந்தவர்கள்தான் நல்ல கண்டக்டர்களாக வருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு விலக்குகள் நிறைய. ஆனால் எண்ணிப்பார். சூசன்னா மால்க்கி, கோதன்பர்க் சிம்பொனியில் முதல் செல்லோ வாசித்துவிட்டு வந்தவர். ஹார்னன்கோர்ட் வியன்னா சிம்பொனியில் 1952 முதல் 1969 வரை செல்லோ. நம் நாட்டிலேயே கேப் டவுன் ஃபில்ஹார்மானிக்கின் ரெசிடெண்ட் கண்டக்டராக ஆன பிரண்டன் ஃபிலிப்ஸ், அதே ஆர்கெஸ்ட்ராவில் பஸூன் வாசித்தவர். தாமதமா என்று கேட்டாயே, பெரும்புகழ் பெற்ற கண்டக்டர் தோஸ்கனீனி முதன்முதலில் நடத்தியதும் 19 வயதில்தான், 1886இல் ரியோ டி ஜெனிரோவில். செல்லோ வரிசையிலிருந்து எழுப்பி நிறுத்தினார்கள். அதிர்ஷ்டக் கதையாக இதைச் சொல்வார்கள், ஆனால் அன்று வாசித்த ஒபரா முழுவதும் அந்தப் பையனுக்கு மனப்பாடம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

இந்தியப் பையனை ஏற்றுவார்களா என்பதற்கு ஸூபின் மேத்தாவைச் சொல்லி முடித்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அவர் பெயரைவிட அவர் செய்த ஒரு காரியம் பிடிக்கும். 1954இல் பம்பாயிலிருந்து வியன்னா போனார், வயது 18, ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் கண்டக்டிங், கூடவே டபுள் பாஸ். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விட மாட்டார்கள். அவரும் கூடப் படித்த, பின்னால் அவரும் பெரிய கண்டக்டரான அப்பாடோவும் என்ன செய்தார்கள் தெரியுமா, ஊரின் பெரிய கோரஸில் பாஸ் குரலாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடகர்களை வெளியே போகச் சொல்ல முடியாதே! நான்கு வருடத்தில், 1958இல், லிவர்பூல் போட்டியில் ஜெயித்தார். ஆனால் அவருடைய அப்பா பம்பாயில் சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா தொடங்கிய வயலின்காரர், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். நம் வீடுகளில் அப்படி இல்லை. நிறம் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் உனக்கு எதிரே நிற்கப்போகும் பெரிய சுவர் நிறம் இல்லை. பழகுவதற்கு ஆர்கெஸ்ட்ரா கிடைக்காததுதான்.

வயலின்காரனுக்கு வயலின் வீட்டிலேயே இருக்கிறது. கண்டக்டரின் வாத்தியம் மற்றவர்களுடைய நேரம், அதை யாரும் சும்மா தர மாட்டார்கள். ஹெல்சிங்கியில் சிபேலியஸ் அகாடமியில் யோர்மா பனுலா அத்தனை கண்டக்டர்களை உருவாக்கியதற்கு முக்கியமான காரணம், மாணவர்களை ஒழுங்காக நிஜ வாசிப்பாளர்கள் முன்னால் நிற்கவைத்ததும், அதை வீடியோ எடுத்து அப்புறம் உட்கார்ந்து பார்க்கவைத்ததும். அந்த வசதி உனக்கு இப்போது இல்லை, அதனால் ஆட்களை நீயே சேர்க்க வேண்டும். கோயில் பஜனைக் குழு, பழைய பள்ளியின் வயலின் பிள்ளைகள், பக்கத்துச் சர்ச்சில் ட்ரம்பெட் ஊதும் பையன், யாராயிருந்தாலும் சரி, எட்டுப் பேர் போதும். அவர்களிடம் இருக்கிற வாத்தியங்களுக்கு ஏற்றபடி நீயே எழுதிக் கொடு, அதுவும் படிப்புதான்.

கூடவே ஒரு கோரஸில் சேர். இந்த நாட்டில் கோரஸுக்கு என்ன பஞ்சம்? பள்ளி, சர்ச், டவுன்ஷிப், எங்கே பார்த்தாலும் நான்கு குரலில் பாடுகிறார்கள், அதிலும் ஸுலு கோரஸ்களில் பலர் டோனிக் சோல்ஃபா தாளை (சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் தாளை) பார்த்துப் பாடுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். ச எங்கே வேண்டுமானாலும் நகரும் முறையில் வளர்ந்தவன் நீ, உனக்கு அது ஒரு வாரத்தில் பிடிபடும். பாடப் பாட உதவி நடத்துநராக ஒரு பாட்டைக் கேட்டு வாங்கு. ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் கண்டக்டர் மூச்சு விடாவிட்டாலும் எப்படியோ வாசித்துவிடுவார்கள், பாடகர்கள் முன்னால் நீ மூச்சு எடுக்க மறந்தால் ஒருவரும் சரியாகத் தொடங்க மாட்டார்கள். அப்பீட் கற்க அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

டர்பனில் 1983இலிருந்து ஒரு ஃபில்ஹார்மானிக் இருக்கிறது, சீசனில் வியாழக்கிழமை மாலைகளில் கச்சேரி. கச்சேரிக்குப் போவதைவிட ஒத்திகைக்குப் போவதுதான் உனக்கு லாபம். ஸ்கோருடன் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது, மறுத்தால் அடுத்த சீசனில் திரும்ப எழுது. யூத் ஆர்கெஸ்ட்ராவிலோ கல்லூரியிலோ நோட்டுத் தாள்களைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரியனுக்கு உதவியாளாகப் போகவும் தயங்காதே. முதல் வயலினின் வில் குறிப்புகளை மற்றத் தாள்களுக்குப் பென்சிலால் நகலெடுக்கும் அலுப்பான வேலை, ஆனால் யார் எதில் எண்ணிக்கை தவறுகிறார்கள், எங்கே பக்கம் புரட்ட நேரம் இல்லை, இதெல்லாம் அங்கேதான் தெரியும். ஒத்திகையில் கவனி, நல்ல கண்டக்டர் குறைவாகப் பேசுவார். "47ஆவது பார், செகண்ட் வயலின், இன்னும் குட்டையாக" என்று சொல்லிவிட்டு உடனே தொடங்குவார். இசை தத்துவம் பேசுகிறவரைப் பார்த்தால் பின்வரிசையில் கைபேசிகள் வெளியே வந்திருக்கும்.

இனி அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேப் டவுன், ஜோஹன்னஸ்பர்க், டர்பன், இந்த மூன்று ஊர்கள், 2022இல் தொடங்கிய ம்ஸான்ஸி நேஷனல் ஃபில்ஹார்மானிக், இவ்வளவுதான் நாட்டில் பெயர் சொல்லும்படியான முழு ஆர்கெஸ்ட்ராக்கள். டர்பனில் பெரும்பாலும் விருந்தினர் கண்டக்டர்கள்தான் வந்து போகிறார்கள். நிலையான வேலை என்று எதிர்பார்த்தால் அப்பா சொல்வதே சரி. அவரிடம் சிம்பொனிக் கனவைப் பேசாதே, கணக்கைப் பேசு. பி.மியூஸுக்குப் பிறகு ஒரு வருடம் ஆசிரியர் சான்றிதழ் படித்தால் பள்ளியில் இசை ஆசிரியராகலாம், வயலின், வயலா ட்யூஷன் எடுக்கலாம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டை அப்புறம் பார்க்கலாம். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் பாடக் கட்டணம் கிடையாது, பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. லண்டன் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதுவும் சொற்பம். தங்கும் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும், ஜெர்மன் தெரிய வேண்டும். இப்போதே மொழியைத் தொடங்கினால் பட்டம் முடிப்பதற்குள் ஒத்திகையில் பேசும் அளவுக்கு வந்துவிடும்.

ஆன்லைன் சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தாய். காசை மிச்சம் பிடி.

எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு மாதம் ஒத்திகை பார்த்த பிறகு எனக்கு ஒரு வீடியோ அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன். கச்சேரி வேண்டாம், ஒத்திகைதான் வேண்டும், இருபது நிமிடம், நடுவில் வெட்டாமல். கேமராவை வாசிப்பவர்கள் பக்கம் வைத்து உன் முகமும் இரண்டு கையும் தெரியும்படி எடு. கல்லூரிகளும் அப்படித்தான் கேட்கும், முதுகைக் காட்டும் வீடியோவை யாரும் பார்ப்பதில்லை.